பூங்கோதை போட்ட காரக் காப்பி

டிசம்பர் 11, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து நாள் ஆகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது. மூக்கடைப்பு மட்டும் இருக்கிறது. சளி இறங்கினால் சரியாகிவிடும்.

பதினான்கு வருடமாக இந்த மாதிரி நோட்டில் காப்பியைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன். எங்கள் மலையில் முப்பத்தொரு குடும்பம் சேர்ந்து வைத்திருக்கும் காப்பி விவசாயிகள் சங்கத்தில் ருசி பார்ப்பது என் வேலை. ஒவ்வொருவர் தோட்டத்துக் கொட்டையிலும் ஒரு பிடி வறுத்து, பொடித்து, வெந்நீர் ஊற்றி, மோந்து, உறிஞ்சி, துப்பி, நூற்றுக்கு மார்க் போடுவேன். இந்தத் தவமணி எண்பதுக்கு மேல் போட்டால் அது நல்ல காப்பி. போடாவிட்டால் விலை குறைந்த பொதுக் குவியலுக்குப் போகும். யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. மனதுக்குள் திட்டியிருப்பார்கள், அது அவர்கள் பாடு.

வேலைக்குப் போகாததால் வீட்டைப் பற்றி எழுதுகிறேன். வீட்டில் எழுத என்ன இருக்கிறது? என் நாத்தனார் பூங்கோதை இருக்கிறாள். நான் படுத்ததும் போடியிலிருந்து ஓடி வந்தவள். அங்கே ஏலக்காய் ஸ்டோரில் இருபது வருடமாகக் காய் பொறுக்குகிறாள். அவள் வீட்டுக்காரர் கேரளத்தில் தோட்ட மேஸ்திரி, மகன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். அதனால் அவளுக்குத் திரும்பிப் போக அவசரம் இல்லை. எனக்குத்தான் அவசரம்.

"மதினி, சுக்கு மிளகு தட்டிப் போட்டு ஒரு காப்பி தரேன், நெஞ்சுக்கு இதமா இருக்கும்" என்றாள் சாயங்காலம்.

காப்பியில் சிக்கரி கலப்பவனையே நான் மனுசனாக மதிப்பதில்லை. சுக்காம், மிளகாம். இருந்தாலும் குடித்தேன். உடம்பு சரியில்லாதவள் சண்டை போடக் கூடாது.

டிசம்பர் 13, சனி

அவள் காப்பி போடுவதை இன்று முழுதாக நின்று பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் நின்றேன்.

சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்தாள். "மேல சுண்ணாம்பு பூசியிருப்பாங்க மதினி, அத அப்படியே போட்டா நாக்கு தடிச்சிரும்." பிறகு அம்மியில் வைத்து நசுக்கினாள், பொடிக்கவில்லை. கொத்தமல்லி விதையை வெறுஞ்சட்டியில், அது படபடவென்று சத்தம் போடும்வரை வறுத்தாள். எட்டு மிளகு. ஒரே ஒரு கிராம்பு. ஏலக்காய் நான்கு, தோலோடு. "தோலத் தூக்கிப் போடுறது பாவம்" என்றாள். எல்லாவற்றையும் தண்ணீரில் கருப்பட்டியோடு கொதிக்கவிட்டு, வடிகட்டி, மறுபடி ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டாள். அணைத்த பிறகுதான் காப்பித் தூள். மேலே தட்டுப் போட்டு மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் கை வச்சிருக்க?"

"தட்டு சுட்டுச்சுன்னா சாறு இறங்கிருச்சுன்னு அர்த்தம்."

பாலைத் தனியாகக் காய்ச்சி, சற்று ஆறவிட்டுக் கடைசியில் ஊற்றினாள். கொதிக்கிற கருப்பட்டித் தண்ணீரில் பாலை ஊற்றினால் திரிந்துபோகும். அது எத்தனை பேருக்குத் தெரிகிறது? அடுப்பை அணைத்த பிறகு தூள் போடுகிற நிதானம் எங்கள் சங்கத்தில்கூட இரண்டு பேருக்குத்தான் உண்டு. மற்றவர்கள் தூளைக் கொதிக்கவிட்டுக் கொல்வார்கள்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. "ஏலக்காய் ஜாஸ்தி" என்றேன். நான்கு போட்டதை எண்ணியிருந்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்றும் ருசி பார்க்கப் போகவில்லை. சளி.

டிசம்பர் 17, புதன்

சங்கத் தலைவர் பெருமாள்சாமி அண்ணாச்சி போன் பண்ணினார். குரலே குதிக்கிறது. இதுவரை வியாபாரிகள் வழியாக வாங்கிய ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, இனி நம் காப்பியை நேராக வாங்கிக்கொள்கிறதாம். எண்பதுக்கு மேல் வாங்கிய எல்லாத் தோட்டத்துக் காப்பியையும் ஒன்றாகக் கலந்து, ஊர் பெயரைப் போட்டு விற்பார்களாம்.

"அவுங்க மறுபடி சோதிக்க மாட்டாங்களாம் தவமணி. உன் கையெழுத்து இருந்தா போதும்னு எழுதியே குடுத்துட்டாங்க. பதினாலு வருசமா உன் மார்க்கும் அவுங்க மார்க்கும் ஒரு புள்ளி மாறலையாம்! ஜனவரி பத்தொம்பது ருசி பாக்குறோம். இருவத்திரெண்டு கூட்டம். அன்னைக்குக் கையெழுத்து."

"சரி அண்ணாச்சி" என்றேன். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஒரு சளிக்கு ஒரு மாதம் போதாதா?

போனை வைத்துவிட்டு அடுப்படியில் யோசித்துக்கொண்டு நின்றேன். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பூங்கோதை ஓடி வந்தாள். "மதினி! பால் தீயுது! பக்கத்துலதான நிக்கிறீங்க?"

பாத்திரத்தின் அடி கருகிக் கிடந்தது. கண்ணால் பார்த்ததும்தான் தெரிந்தது. வேறு யோசனையில் இருந்தேன் என்றேன். அவள் பாத்திரத்தைத் தேய்த்தாள். தேய்க்கும்போது இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

டிசம்பர் 20, சனி

மலையில் பனி. பத்து மணிவரை எதிர்வீடு தெரியவில்லை. நான் படுத்திருந்தபோதே பூங்கோதை காப்பி போட்டு எடுத்து வந்துவிட்டாள். எத்தனை நாள்தான் குறை சொல்வது, பாவம். இன்று பாராட்டிவிடலாம் என்று தோன்றியது. "அருமையா இருக்கு பூங்கோதை. ஏலக்காய் லேசாத் தூக்கல், மத்தபடி அருமை" என்றேன்.

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். "முழுசாக் குடிச்சிட்டீங்களா மதினி?"

"சொட்டு விடாம."

சரி என்று போய்விட்டாள். பாராட்டினால்கூட இவளுக்குச் சந்தேகம்.

டிசம்பர் 21, ஞாயிறு

என் வீட்டுக்காரர் ராஜாங்கம் தோட்டத்துக்குப் போனதும் பூங்கோதை வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மதினி, நேத்துக் காப்பியில ஏலக்காயே போடல."

"பின்ன?"

"உங்க டம்ளர்ல மட்டும் அரை ஸ்பூன் பெருங்காயம் போட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரம்! உடம்பு சரியில்லாதவளுக்குப் பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுத்துச் சோதனை பண்ணுகிறாளா? வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். போடிக்கு இன்றைக்கே பஸ் ஏறு என்றேன். அவள் அசையவில்லை. நான் கத்தி முடித்ததும் கேட்டாள்.

"எத்தன நாளா மதினி?"

"காய்ச்சல் வந்த அன்னைலருந்து" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், இந்த நோட்டிலும்கூட. எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. மல்லிகைப்பூ தெரியவில்லை, சாணி தெரியவில்லை, சோப்பு தெரியவில்லை. காப்பி தெரியவில்லை. போன வருடம் சங்கத்துச் சடையாண்டி அண்ணனின் காப்பியை நான் தள்ளியபோது அவர் முறைத்தார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். இப்போது யார் கழுதை?

"அண்ணன்கிட்ட சொல்லட்டா?" என்றாள்.

"சொன்னா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

"சொல்லல மதினி. மொதல்ல டாக்டரப் பாப்போம். இன்னொன்னு, நீங்க திட்டுறப்ப மூச்சு நல்லாத்தான் போய்ட்டு வருது. மூக்கு அடைக்கவே இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையோடு.

டிசம்பர் 23, செவ்வாய்

வத்தலக்குண்டில் காது மூக்கு டாக்டரைப் பார்த்தோம். வைரஸ் காய்ச்சலில் சிலருக்கு இப்படிப் போகுமாம். வாரக்கணக்கில் வரலாம், மாதக்கணக்கில் வரலாம். "வராமலும் இருக்கலாமா சார்?" என்று பூங்கோதை எனக்காகக் கேட்டாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். கிராம்பு, ஏலக்காய், எலுமிச்சை என்று தினமும் இரண்டு வேளை மோந்து பழகச் சொன்னார். நாக்கில் இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு எல்லாம் இருக்கிறதாம். மணம்தான் இல்லை.

மணம் இல்லாத காப்பி கசப்புத் தண்ணீர். பதினான்கு வருடம் நான் சோறு தின்றது அந்த மணத்தில்தான்.

பஸ்ஸில் வரும்போது பூங்கோதை சொன்னாள், "எரிப்பு தெரியும்ல? அதான் மதினி, உங்களுக்கு என் காப்பி மட்டும் பிடிச்சிருக்கு."

பிடித்திருக்கிறது என்று நான் எப்போது சொன்னேன்? ஆனால் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கே நான் அடுப்படிக்குப் போய் நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

டிசம்பர் 27, சனி

பூங்கோதை எனக்குப் பரீட்சை வைக்கிறாள். மூன்று டம்ளர். ஒன்றில் மிளகு தூக்கல், ஒன்றில் சுக்கு, ஒன்றில் கிராம்பு. எது எது என்று நான் சொல்ல வேண்டும். மிளகு நாக்கின் நுனியில் சுருக்கென்று பிடித்து உடனே விட்டுவிடுகிறது. சுக்கு தாமதமாக வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்கிறது. கிராம்பு ஈறை மரத்துப்போக வைக்கிறது. மூன்றும் சரியாகச் சொன்னேன்.

"பாத்தீங்களா! மூக்கு லீவு போட்டா நாக்கு ரெண்டு ஷிப்டு பாக்குது" என்றாள்.

நான் பத்துப் பேருக்கு ருசி பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு பாடம் எனக்குத் தோன்றியதில்லை. இதை யாரிடம் படித்தாய் என்று கேட்டேன். யாரிடமும் இல்லையாம். ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தாளாம், மதினிக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று. மனுசி என்றால் இவள் மனுசி. இவளையா பஸ் ஏறச் சொன்னேன்?

ஜனவரி 1, வியாழன்

புது வருடம். கிராம்பு, ஏலக்காய், எலுமிச்சை. ஒன்றும் இல்லை.

ஜனவரி 6, செவ்வாய்

ஒரு தப்புச் செய்தேன். சங்கத்து ருசி அறையிலிருந்து சாம்பிள் வெளியே போகக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவளே நான்தான். இன்று ஆறு பொட்டலத்தை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பொட்டலத்தில் நம்பர் மட்டும்தான் இருக்கும். யார் தோட்டம் என்கிற பட்டியல் அண்ணாச்சியின் பீரோவில்.

வறுத்து, பொடித்து, வெந்நீர் ஊற்றி, பூங்கோதையை உட்கார வைத்தேன். நான்கு நிமிடம் கழித்து மேலே மிதக்கும் காப்பித்தூள் ஏட்டைக் கரண்டியால் உடைத்து மோக்க வேண்டும் என்று காட்டினேன்.

"என்ன சொல்லணும் மதினி?"

"தோணுறதச் சொல்லு."

இரண்டாம் நம்பரை மோந்தாள். "எலுமிச்சம்பழத் தோல நகத்தால கீறுனா வருமே, அது." மூன்றாம் நம்பர், "வெல்லப்பாகு, கம்பிப் பதம் தாண்டி ஒரு நிமிசம்." ஐந்தாம் நம்பர், "நனஞ்ச சாக்கு. மழையில மூட்டையத் தார்ப்பாய் போடாம வச்சிருக்காங்க."

நான் அந்த மூன்றையும் உறிஞ்சிப் பார்த்தேன். இரண்டில் புளிப்பு சுத்தமாக இருந்தது. மூன்றில் இனிப்பு நின்றது. ஐந்து நாக்கில் சப்பென்று விழுந்தது. அவள் மூக்கும் என் நாக்கும் ஒரே பக்கம் கையைக் காட்டுகின்றன. ஏலக்காய் பொறுக்கியே இருபது வருடம் ஓட்டிவிட்டாளே! இப்படி ஒரு மூக்கை நான் பார்த்ததில்லை. பொறாமையாக இருந்தது என்றும் எழுதிவிடுகிறேன், இன்னும் எதை மறைக்க?

ஜனவரி 9, வெள்ளி

பூங்கோதை கேட்டாள், "மதினி, பத்தொம்பதாந் தேதி என்ன செய்யப் போறீங்க?"

"உன்னத் துணைக்கு வந்ததாக் கூட்டிட்டுப் போறேன். வெந்நி ஊத்துற மாதிரி ஊத்து. மோந்து பாத்து எனக்கு ஜாடை காட்டு. கையெழுத்து நான் போட்டுக்கிறேன்."

"மூக்கு என்னுது, கையெழுத்து உங்களுதா?"

"உனக்கு அதுல என்ன நட்டம்?"

"எனக்கு ஒரு நட்டமும் இல்ல" என்றாள். காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். இன்று சுக்கு அதிகம். தொண்டை எரிந்தது.

ஜனவரி 11, ஞாயிறு

ஏழாம் நம்பர். அன்று கொண்டுவந்த ஆறில் வறுக்காமல் மிச்சமிருந்த ஒன்று.

வறுக்க எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. எங்கள் களத்தில் காய்ந்த கொட்டையை எனக்குத் தெரியாதா? மேல் சரிவில் நிற்கும் அந்தப் பழைய மரத்துக் கொட்டை, கொஞ்சம் நீளமாக, ஒரு பக்கம் வளைந்து இருக்கும். என் வீட்டுக்காரருடைய காப்பி. மூன்று வருடமாக எண்பத்தைந்துக்குக் குறையாமல் வாங்கும் காப்பி. பூங்கோதைக்கு அது தெரியாது. ஏட்டை உடைத்தவள் மூஞ்சியைச் சுளித்தாள்.

"அய்ய, என்ன மதினி இது? வெங்காயத் தோல ரெண்டு நாள் தண்ணியில ஊறப்போட்ட மாதிரி. அடியில புளிச்ச மாவு."

வெங்காயம் என்றால் எனக்கு அர்த்தம் தெரியும். பழத்தோலை அரைத்து நீக்கிய கொட்டையைத் தொட்டியில் ஒரு ராத்திரி போட்டு, வழவழப்புப் போனதும் கழுவிவிட வேண்டும். கழுவாமல் விட்டால் புளித்து, கடைசியில் இந்த நாற்றத்துக்கு வந்து நிற்கும். சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். இவர் அப்படி விடுகிற ஆள் இல்லை.

ஜனவரி 12, திங்கள்

பூங்கோதை ஏலக்காய் மூக்குக்காரி. காப்பியில் அவளுக்கு என்ன தெரியும்? முதல் தடவை தப்பாக இருந்திருக்கும். வறுவல் கூடிப்போயிருக்கும். கரண்டியை வெங்காயம் நறுக்கிய கையால் தொட்டிருப்பாள்.

அதனால் மறுபடி வறுத்தேன். டம்ளர்களை இடம் மாற்றி மாற்றி மூன்று தடவை வைத்தேன். மூன்று தடவையும் அவள் ஏழாம் நம்பரைத்தான் தள்ளி வைத்தாள். மூன்றாம் தடவை, "இதயே எத்தன தடவ மதினி குடுப்பீங்க, கொமட்டுது" என்றாள்.

பிறகு கூடத்தில் மாட்டியிருக்கும் நாள்காட்டியைப் பார்த்தேன். இவர் தோட்ட வேலையை அதில் கிறுக்கி வைப்பார். 'டிச. 3 - பறிப்பு. அரைச்சாச்சு. தொட்டியில.' அதற்குப் பிறகு மூன்று கட்டம் வெறுமையாக இருந்தது. 'டிச. 7 - கழுவல்.' மறுவாரத்தில் 'மழை. மீதிப் பழம் உதிர்ந்துருச்சு.'

மூன்றாம் தேதி ராத்திரிதான் எனக்குக் காய்ச்சல் ஏறி ஜீப்பில் போட்டு இறக்கினார்கள். ஆறாம் தேதி வீட்டுக்கு வந்தேன். அந்த மூன்று நாளும் அவர் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. கண் திறக்கும்போதெல்லாம் அவர் செருப்பு கட்டிலுக்கடியில் தெரிந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வருடம் முழுக்க உழைத்த காப்பி மேலே தொட்டியில் கிடந்து புளித்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுசன்.

எண்பத்தைந்து போட என் பேனாவுக்கு என்ன வலி? எனக்குத்தான் நாற்றமே தெரியவில்லையே. தெரியாததைத் தெரியாது என்று விட்டால் பாவமா?

ஆனால் அது மற்ற காப்பியோடு கலக்கும். ஒரு மூட்டை வெங்காயம் போதும், முப்பது பேர் மூட்டையும் நாறும். அவர்கள் என் கையெழுத்தை நம்பி அனுப்புகிறார்கள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பூங்கோதை பொங்கினாள், நான் குலவையிட்டேன். பால் பொங்கியதைக் கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது இவர் கேட்டார், "சாம்பிள் பாத்தாச்சா?"

"பத்தொம்பதாந் தேதிதான்."

"ம்" என்றார். துண்டால் கையை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டு நின்றார். நானும் அடுக்களையில் இல்லாத வேலையைச் செய்துகொண்டு நின்றேன்.

ஜனவரி 19, திங்கள்

ருசி அறை. பூங்கோதை வெந்நீர் ஊற்றினாள். மோந்தாள். நான் உறிஞ்சினேன். முப்பத்தொன்றும் முடிய மதியம் மூன்றாகிவிட்டது. அவள் விரலால் ஜாடை காட்டும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கூசியது. திருடி மாதிரி இருந்தது. என்னைவிட அவளுக்குத்தான் அதிகம் கூசியிருக்கும், ஆனாலும் முகத்தில் காட்டவில்லை.

ஏழாம் நம்பருக்கு அறுபத்தெட்டு எழுதினேன். எழுதிவிட்டு, அதன் மேல் இன்னொரு தடவை பேனாவை ஓட்டினேன். பூங்கோதை அதைப் பார்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில், "ஏழு நம்மளுதா மதினி?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் கண்கலங்கி நின்றாள். "நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாமே."

"நீ மூடியிருந்தா நான் உன்ன மதிச்சிருக்க மாட்டேன். வா."

ஜனவரி 21, புதன்

காலையில் அவளை உட்கார வைத்துச் சொன்னேன், நாளைக்குக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்று. சொந்தப் புருசன் காப்பிக்கு அறுபத்தெட்டு போட்டுவிட்டு, அந்த அறுபத்தெட்டை யார் மூக்கு போட்டது என்று மறைத்தால் நான் எந்த ஊர் யோக்கியம்? வேலை போனால் போகட்டும். போனால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

"ஒங்க அண்ணன் கூட்டத்துலதான் உக்காந்திருப்பாரு" என்றேன்.

"இன்னைக்கே அண்ணன்கிட்ட சொல்லிருங்க மதினி."

முடியவில்லை. அவர் எதிரில் இரண்டு தடவை போய் உட்கார்ந்தேன். சோறு வேணுமா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

ஜனவரி 22, வியாழன்

அண்ணாச்சி மார்க் பட்டியலையும் பேனாவையும் நீட்டினார். நான் பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"எனக்கு அம்பது நாளா வாசன தெரியல. காய்ச்சல்ல மூக்கு போச்சு. இந்த மார்க்குல நாக்கு என்னுது, மூக்கு என் நாத்தனாரோடது. ருசி அறையிலருந்து சாம்பிளத் திருட்டுத்தனமா வீட்டுக்கும் கொண்டுபோனேன். நீங்க என்ன முடிவு எடுத்தாலும் சரி."

அவ்வளவுதான் சொன்னேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இவரைப் பார்க்கத் தைரியம் இல்லை. அண்ணாச்சி திறந்த வாயை மூடவில்லை. ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றார் ஒருவர். இத்தனை நாள் ஏமாத்தியிருக்கே என்றார் இன்னொருவர்.

சடையாண்டி அண்ணன் எழுந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"போன வருசம் இந்தம்மா என் காப்பிய நாத்தம்னு தள்ளுச்சு. கழுதைன்னும் சொல்லுச்சு. வீட்டுக்குப் போயி ஆத்திரத்துல நானே போட்டு மோந்து பாத்தேன். நாத்தந்தான்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். "இப்ப அந்த நாத்தனாரு மோக்கட்டும், எங்க கண்ணு முன்னால. சரியாச் சொன்னா அவுகளும் கையெழுத்துப் போடட்டும். கம்பெனிக்கு உள்ளத எழுதிப்போடுங்க. வேற என்ன?"

அங்கேயே ஐந்து டம்ளர் வைத்தார்கள். நம்பரை அண்ணாச்சியே மாற்றினார். பூங்கோதை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மோந்தாள். ஐந்துக்கு ஐந்தும் எங்கள் மார்க்கோடு ஒத்துப்போனது. ஒரு டம்ளரை மோந்து அவள் "ஈரச் சாக்கு" என்றபோது சடையாண்டி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அது என்னுதாத்தான் இருக்கும், தார்ப்பாய் கிழிஞ்சிருச்சுத்தா" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. என் நாத்தனாரைப் பார்த்து எனக்கு நெஞ்சு விம்மியது. அப்படிப் பெருமையாக இருந்தது.

பிறகு அண்ணாச்சி பீரோவிலிருந்த நம்பர்ப் பட்டியலைப் பிரித்துப் பெயர்களைப் படித்தார்கள். "ஏழு, ராஜாங்கம், அறுபத்தெட்டு." சிரிப்பு நின்றுபோனது. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து, "சரியான மார்க்குதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

கம்பெனிக்கு உள்ளதை எழுதிப்போடுவதாக அண்ணாச்சி சொன்ன பிறகு, பட்டியலில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பூங்கோதை தன் பெயரை எழுத்துக் கூட்டி, மெதுவாக, வரிக்கு வெளியே போகாமல் எழுதினாள்.

வீட்டுக்கு நடந்தோம். பூங்கோதை வேண்டுமென்றே முன்னால் போய்விட்டாள். பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

"தொட்டியில கிடந்து கெட்டத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"மூக்கு போனத நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க பயப்படுவீங்கன்னுதான்."

"நானும் அதுக்குத்தான். என்னாலதான் கெட்டுச்சுன்னு நெனச்சு நீ அழுவ."

"என்னாலதான கெட்டுச்சு? ஒரு வருச ஒழப்பு. யாரையாவது விட்டாச்சும் கழுவச் சொல்லியிருக்கலாம்ல?"

அவர் நின்றார். "அந்த மூணு நாளும் எனக்குத் தொட்டி ஞாபகமே வரல தவமணி. காப்பி அடுத்த வருசமும் காய்க்கும். நீ போயிருந்தா?"

நடுரோட்டில் நின்று அழுதேன். முன்னால் போன பூங்கோதை திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள். "வீட்டுக்கு வந்து அழுங்க மதினி. ரெண்டு பேரும் நனையிறீங்க" என்றாள்.